கேம் பாதியில் மூடிக்கொள்கிறதா? கிராபிக்ஸ் டிரைவர் கோளாறைப் பிடித்துச் சரிசெய்யும் வழி

விளையாடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைகிறது, திரை கறுக்கிறது, அடுத்த நொடி டெஸ்க்டாப்பில் நிற்கிறீர்கள். சில நேரம் சத்தம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் நீலத்திரை. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "டிரைவரை அப்டேட் பண்ணுங்க." (கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர்.) அப்டேட் செய்தும் சரியாகாமல், விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டு, அப்புறமும் கேம் அதே இடத்தில் விழுவதைப் பார்த்து நொந்துபோனவர்கள் ஏராளம். எது விழுந்தது என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்கியதால் வந்த வினை அது.

இந்தக் கட்டுரை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்று கார்டுகளுக்கும் வழி ஒன்றுதான். அரை நாள் ஒதுக்குங்கள். ஏழாம் படி முடியும்வரை கைக்காசு செலவில்லை, இணைய டேட்டா மட்டும் 2 ஜிபி அளவுக்கு ஆகும். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் கேம் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது, மறுபடி விழும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

1. கை வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கார்டின் சரியான மாடல் பெயர். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) என்ற இடத்தைச் சொடுக்கினால் வலப்பக்க மேல்மூலையில் இருக்கும். லேப்டாப் என்றால் அங்கே இரண்டு ஜிபியூ இருக்கலாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் டிரைவரின் பதிப்பு எண். என்விடியாவில் ஒரு குழப்பம் உண்டு. டிவைஸ் மேனேஜர் 32.0.15.7602 என்பதுபோல நீளமாகக் காட்டும், நிறுவனத்தின் தளமோ 576.02 என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான். நீள எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்து, மூன்றுக்குப் பிறகு புள்ளி வைத்துப் படித்தால் சரியாக வரும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. சேஃப் மோடுக்கு (அடிப்படை வசதிகள் மட்டும் ஓடும் விண்டோஸ் நிலைக்கு) போகும்போதோ பயாஸை (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருளை) மாற்றும்போதோ திடீரென்று 48 இலக்கச் சாவியைக் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தச் சாவி இருக்கும். போனில் அல்ல, தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். சேஃப் மோடில் சில நேரம் பின் எண் வேலை செய்யாது.

ரீஸ்டோர் பாயின்ட், அதாவது ஏதாவது கெட்டால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு. ஸ்டார்ட்டில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்குப் பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கான்ஃபிகர் பொத்தானில் ஆன் செய்துவிட்டு ஒன்று உருவாக்குங்கள். சாதாரண விண்டோஸில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

கார்டு, கம்ப்யூட்டர் வாங்கிய பில்லையும் தேடி வையுங்கள். கடைசிப் படியில் அது வேண்டியிருக்கலாம்.

2. விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

கேம் விழும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஏதோ ஒன்றை எழுதி வைக்கிறது. படிக்க இருபது நிமிடம் போதும்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால், அது உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு செய்து டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்கும். இதற்கு டிடிஆர் என்று பெயர். அந்தக் கணத்தில்தான் திரை கறுக்கிறது, கேம் தன் பிடியை இழந்து விழுகிறது. ஒரு நிமிடத்துக்குள் இப்படி ஐந்து முறை நடந்தாலோ டிரைவர் மீளவே முடியாமல் போனாலோ நீலத்திரை வரும். ஆகவே 'டிரைவர் விழுந்தது' என்ற செய்தி, கார்டு பதில் சொல்லவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏன் சொல்லவில்லை என்பதற்கு டிரைவர், சூடு, மின்சாரம், ரேம் என எதுவும் காரணமாக இருக்கலாம்.

முதலில் ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் போதும். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்த முதல் நாளைப் பாருங்கள், அதற்கு முந்தைய நாள் என்ன இன்ஸ்டால் ஆனது என்பதையும் பாருங்கள். டிரைவரோ விண்டோஸ் அப்டேட்டோ அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'லைவ் கெர்னல் ஈவென்ட்' என்ற பெயரில் 141 அல்லது 117 என்ற எண் இருந்தால், கிராபிக்ஸ் பக்கம் உறைந்து மீண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் பட்டியலில் இருக்கும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கேம் விழுந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பின் பாருங்கள்.

'டிஸ்ப்ளே' என்ற மூலத்திலிருந்து 4101 என்ற எண் இருந்தால், டிரைவர் உறைந்து மீண்டது என்று அர்த்தம். அந்த வரியிலேயே டிரைவரின் பெயர் இருக்கும். என்விடியாவுடையது என்வி என்றும், ஏஎம்டியுடையது ஏஎம்டி என்றும், இன்டெலுடையது ஐஜி என்றும் தொடங்கும். என்விடியா கார்டுகளில் 13, 14, 153 ஆகிய எண்களும் அடிக்கடி வரும். அவற்றைத் திறந்தால், இந்த நிகழ்வுக்கான விளக்கம் கிடைக்கவில்லை, அந்த உறுப்பு இன்ஸ்டால் ஆகவில்லை என்பதுபோல ஒரு வாசகம் நிற்கும். இதைப் படித்துவிட்டு டிரைவரே இல்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. விண்டோஸிடம் அந்தச் செய்திக்கான வார்ப்பு வாசகம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

'கெர்னல் பவர் 41' மட்டும் தனியாக இருந்து, அதற்கு முன் எந்தக் கிராபிக்ஸ் செய்தியும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் சட்டென்று மின்சாரம் இழந்திருக்கவே வாய்ப்பு அதிகம். டிரைவரை மாற்றி நேரத்தை வீணாக்காமல் எட்டாம் படிக்குப் போங்கள். 'வீயா லாகர்' என்ற மூலத்திலிருந்து 18 என்ற எண் இருந்தாலும் அதே கதைதான். ப்ராசசரோ ரேமோ தவறு செய்திருக்கிறது.

பிறகு சிஸ்டத்துக்குப் பதிலாக அப்ளிகேஷன் லாகைத் திறந்து 1000 என்ற எண்ணைத் தேடுங்கள். அதில் 'ஃபால்டிங் மாட்யூல்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே நிற்கும் கோப்பு என்வி என்றோ ஏஎம்டி என்றோ ஏடிஐ என்றோ தொடங்கினால் சந்தேகம் டிரைவர் பக்கம் சாயும். கேமின் சொந்தப் பெயரே இருந்தால் கேம் பக்கம் சாயும். என்டிடிஎல்எல், கெர்னல்பேஸ் போன்ற விண்டோஸ் கோப்புகள் இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது.

கேமே ஒரு பிழைச் செய்தி காட்டினால் படம் எடுத்து வையுங்கள். டிஎக்ஸ்ஜிஐ எரர் என்று தொடங்கி 'டிவைஸ் ஹங்', 'டிவைஸ் ரிமூவ்டு', 'டிவைஸ் ரீசெட்' என்று முடியும் செய்திகள் எல்லாம் மேலே சொன்ன டிடிஆர் குடும்பம்தான். நீலத்திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று வந்தாலும் அதுவே.

3. டிரைவரைத் தொடாமல் முதலில் செய்து பார்க்க வேண்டியவை

ஒரே ஒரு கேம் மட்டும் விழுகிறதா, எல்லாமே விழுகிறதா? ஒன்று மட்டும் என்றால் ஸ்டீமில் அந்தக் கேமை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் வழியாகப் போய்க் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனவற்றை மட்டும் அதுவே திரும்ப இறக்கும்.

ஓவர்கிளாக் (கார்டை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். அண்டர்வோல்ட்டும் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) அப்படித்தான். "ஆறு மாசமா இதே செட்டிங்தான், அது காரணமா இருக்காது" என்று தோன்றும். ஆனால் புதிய டிரைவர் கார்டை முன்பைவிட அதிகமாக வேலை வாங்கும்போது, விளிம்பில் நின்ற ஓவர்கிளாக் சரிந்துவிடும். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்டுகளுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கோர் வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். அதில் கேம் நின்று ஓடினால் அந்தக் கார்டே விளிம்பில் இருக்கிறது.

டிஸ்கார்டு, ஸ்டீம், ரிவாட்யூனர், டிரைவரோடு வரும் ரெக்கார்டிங் எனக் கேமின் மேல் படரும் ஓவர்லே எல்லாவற்றையும் அணையுங்கள். இவை கேமுக்கும் டிரைவருக்கும் நடுவே நுழைந்து வேலை செய்கிறவை.

கேமுக்குள் ரே டிரேசிங், ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்து ஒரு முறை ஆடுங்கள். கேம் கார்டோடு பேசும் வழியை டைரக்ட்எக்ஸ் 12லிருந்து 11க்கோ வல்கனுக்கோ மாற்ற முடிந்தால் மாற்றிப் பாருங்கள். பல கேம்களில் இது மெனுவில் இருக்காது. ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி டி, எக்ஸ், பிறகு 11 என்று இடைவெளி விடாமல் போட வேண்டும். எல்லாக் கேமும் இதைக் கேட்காது.

கார்டின் மெமரி நிரம்புகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜிபியூ மெமரி' வரியைப் பாருங்கள். 4 ஜிபி கார்டில் புதிய கேமின் டெக்ஸ்ச்சரை உச்சத்தில் வைத்தால் விழத்தான் செய்யும். இன்னொன்று, வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்டோஸின் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தை) அணைத்திருந்தால் உடனே திரும்ப ஆன் செய்து, அளவை விண்டோஸ் பொறுப்பில் விடுங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு மட்டும்: செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பகுதியில் அந்தக் கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். சின்ன ஜிபியூவில் ஓட முயன்று விழும் கேம்கள் நிறைய. சார்ஜர் செருகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

4. எந்த டிரைவரைப் போடுவது

புதியதே நல்லது என்பது உண்மையல்ல. 2023 அக்டோபரில் ஏஎம்டி ஒரு டிரைவரோடு ஆன்டி லேக் பிளஸ் என்ற வசதியைத் தந்தது. அது கேமின் கோப்புகளுக்குள் கைவைத்து வேலை செய்ததால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணி அந்தக் கேமின் பாதுகாப்பு தடை செய்தது. ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. 2025 தொடக்கத்தில் என்விடியாவின் 572 வரிசை டிரைவர்களில் கறுப்புத் திரைப் புகார்கள் குவிந்தன. ஏப்ரலில் வந்த 576.02 நீண்ட திருத்தப் பட்டியலோடு வந்தது.

ஆகவே இப்படி முடிவு செய்யுங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால் பின்னால் போங்கள். புதிய கேம் வாங்கியதும் தொடங்கியது, டிரைவர் பல மாதம் பழையது என்றால் முன்னால் போங்கள். போவதற்கு முன் அந்தப் பதிப்பின் ரிலீஸ் நோட்ஸில் 'ஃபிக்ஸ்டு', 'நோன் இஷ்யூஸ்' என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் படித்தால் போதும். உங்கள் கேமின் பெயர் இரண்டில் எதில் இருக்கிறது என்பதே பதில். ஹாட்ஃபிக்ஸ் என்ற பெயரில் வருபவை அவசரத் திருத்தங்கள், முழுச் சோதனை முடியாதவை. உங்கள் கோளாறின் பெயரே அதில் இருந்தால் ஒழியத் தொட வேண்டாம்.

பின்னால் போக எளிய வழி முதலில்: டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கார்டின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், 'ரோல் பேக்'. ஐந்து நிமிட வேலை. பொத்தான் மங்கியிருந்தால் பழைய பிரதி கணினியில் இல்லை என்று பொருள், அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்குக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 580 வரிசைதான் கடைசி, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஜிடிஎக்ஸ் 16 வரிசை இதில் சேராது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 400, 500, வேகா கார்டுகளுக்குத் தனிக் கிளையில் டிரைவர் வருகிறது. உங்கள் கார்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால்தான் சரியானது கிடைக்கும்.

டவுன்லோட் செய்வது என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தோ லேப்டாப் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்தோ மட்டும் இருக்கட்டும். பழைய பதிப்புகளும் அங்கேயே கிடைக்கும். 'உங்கள் 14 டிரைவர்கள் காலாவதி' என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் டிரைவர் அப்டேட்டர் எதற்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். டிரைவர் எல்லாமே இலவசம். தவறான டிரைவரை ஏற்றிவிட்டுப் போகும் வேலையையும் அவை செய்யும்.

இரண்டு பதிப்புகளை இறக்கி வையுங்கள்: போடப்போவது ஒன்று, நன்றாக ஓடிய பழையது ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 600 முதல் 900 எம்பி வரும், இன்டெல் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஏஎம்டி தளம் சில நேரம் சிறிய இன்ஸ்டாலரை முன்னால் நிறுத்தும். அது இன்ஸ்டால் செய்யும்போதுதான் மீதியை இணையத்திலிருந்து எடுக்கும். அடுத்த படியில் இணையம் இருக்காது, எனவே முழுக் கோப்பையே எடுங்கள்.

5. பழைய டிரைவரைச் சுத்தமாக அகற்றிப் புதிதாகப் போடுதல்

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது, இன்ஸ்டால் பாதியில் தோற்றபோது, மேலே சொன்னவை பலிக்காதபோது மட்டும். முக்கால் மணி நேரம் ஆகும். மின்சாரம் அடிக்கடி போகும் நேரமாகப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

டிடியூ எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை வாக்னார்டு தளத்திலிருந்து இறக்கி, பிரித்து, சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டிரைவர் கோப்புகளும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்போது இணையத்தைத் துண்டியுங்கள். கேபிள் என்றால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ஏரோப்ளேன் மோடு. இந்த ஒரு வரியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மீண்டும் மீண்டும் அதே கோளாறில் சிக்குகிறார்கள். டிரைவர் இல்லாத கார்டைப் பார்த்ததும் விண்டோஸ் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பழைய டிரைவரைப் பின்னணியில் இறக்கத் தொடங்கிவிடும். நீங்கள் புதியதை ஏற்றும் அதே நேரத்தில் அதுவும் ஏறும். இரண்டும் பாதிப் பாதியாக நிற்கும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலப் பின்னணியில் மெனு வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். திரும்ப வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. நான்கு மூலையிலும் 'சேஃப் மோடு' என்று எழுதியிருக்கும்.

டிடியூவைத் திறந்து, வலப்பக்கத்தில் ஜிபியூ என்பதையும் அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயரையும் தேர்ந்தெடுங்கள். 'கிளீன் அண்டு ரீஸ்டார்ட்' அழுத்துங்கள். லேப்டாப்பில் இரண்டு ஜிபியூ இருந்தால் கோளாறு தரும் ஒன்றை மட்டும் அகற்றுங்கள்.

கணினி திரும்ப வரும்போது எழுத்துகள் பெரிதாக, படம் மங்கலாக, இரண்டாவது மானிட்டர் செத்ததுபோல இருக்கும். பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிரைவரில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இணையம் இன்னும் துண்டித்தே இருக்க, டிரைவரை ஓட்டுங்கள். என்விடியாவில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' பெட்டியில் டிக் வையுங்கள். ஏஎம்டியில் 'டிரைவர் ஒன்லி' போதும். ஓவர்லேயும் ரெக்கார்டிங்கும் இல்லாமல் வெறும் டிரைவரை மட்டும் சோதிக்க அதுவே நல்லது. நடுவில் திரை சில நொடி கறுத்து மீளும். அந்த நேரத்தில் பவர் பொத்தானைத் தொடக்கூடாது. முடிந்ததும் அது கேட்காவிட்டாலும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதன்பிறகு இணையத்தை இணையுங்கள்.

லேப்டாப்பில் இன்டெல் இன்ஸ்டாலர், இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்படாத டிரைவர் என்று மறுத்தால் சண்டை போடாதீர்கள். தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதையே போடுங்கள்.

6. விண்டோஸ் அப்டேட் அதை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஏஎம்டி கார்டுகளில் இது அதிகம். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மூன்றாம் நாள் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருள் திறக்காது. இந்த மென்பொருளும் டிரைவரும் பொருந்தவில்லை என்று சொல்லும். இரவோடு இரவாக விண்டோஸ் வேறு டிரைவரை ஏற்றியிருக்கும்.

ஸ்டார்ட்டில் 'டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து 'நோ' என்று வையுங்கள். டிடியூவின் ஆப்ஷன்ஸிலும் இதே தடைக்கு ஒரு பெட்டி உண்டு. ஒரு வாரம் கழித்து டிரைவரின் பதிப்பு எண் நீங்கள் குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

7. சோதிக்கும் முறை

டிரைவர் மாறியபின் முதல் அரை மணி நேரம் கேம் திக்கித் திணறும். ஷேடர்களை (படம் வரையக் கார்டுக்குத் தரும் சிறு நிரல்களை) மறுபடி தயாரிப்பதால் வரும் திணறல் அது. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். திணறல் இரண்டாம் நாளும் தொடர்ந்தால் டிஸ்க் கிளீனப்பில் 'டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்' பெட்டியை மட்டும் டிக் செய்து அழியுங்கள்.

எவ்வளவு நேரம் ஆடினால் சரியாகிவிட்டது என்று சொல்லலாம்? முன்பு எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்ததோ அதைப்போல மூன்று மடங்காவது. 40 நிமிடத்தில் விழுந்த கேம் ஒரு மணி நேரம் ஓடியது என்பது எதையும் காட்டாது. இரண்டு மணி நேரம், ஒரே அமர்வில், கேம் முன்பு விழுந்த அதே கட்டத்தில்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற மதிப்பை 2லிருந்து 8 அல்லது 10 நொடியாக உயர்த்தச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். முப்பரிமாண ரெண்டரிங்போல நீண்ட கணக்குப் போடும் மென்பொருள்களுக்கு அது பொருந்தும். கேமில் கார்டு 2 நொடி பதில் சொல்லாமல் இருப்பதே நோய். காத்திருப்பை நீட்டினால் கறுப்புத் திரைக்கு முன்னால் பத்து நொடி உறைந்த திரையைப் பார்ப்பீர்கள், வேறு பயனில்லை.

8. இன்னும் விழுகிறது என்றால் டிரைவர் குற்றவாளி அல்ல

இரண்டு வெவ்வேறு பதிப்புகள், இரண்டும் சுத்தமாகப் போட்டும் விழுகிறது என்றால் மூன்றாவதைத் தேடாதீர்கள்.

முதலில் சூடு. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு ஆடுங்கள். ஜிபியூ 80 முதல் 85 டிகிரி என்பது பெரும்பாலான கார்டுகளுக்கு இயல்பு. ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 105ஐத் தாண்டுகிறது என்றாலோ, சாதாரண வெப்பத்துக்கும் அதற்கும் இடைவெளி 30 டிகிரி என்றாலோ கார்டின் உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பேஸ்ட் சில நூறு ரூபாய்தான். ஆனால் வாரண்டி இருக்கும்போது கார்டைப் பிரிக்காதீர்கள்.

அடுத்து மின்சாரம். கேமின் ஃப்ரேம் வேகத்தை 60க்குக் கட்டுப்படுத்தி ஆடுங்கள். அப்போது மட்டும் விழவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளை மேல். கேபினெட்டைத் திறந்து, மின்சாரத்தை அணைத்து, கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். இரண்டு 8 பின் இணைப்புகள் உள்ள கார்டுக்கு ஒரே கேபிளின் நுனியிலிருந்து கிளை பிரித்து இரண்டையும் செருகியிருப்பார்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இது சர்வ சாதாரணம். ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட்ஸ் என்பது கணக்கு. பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். பெட்டியில் மிச்சக் கேபிள் கிடக்கும், செலவில்லை. புதிய 16 பின் இணைப்பு என்றால் விளிம்பில் இடைவெளி துளியும் தெரியாதபடி முழுக்க உள்ளே போக வேண்டும், இணைப்பை ஒட்டியே கேபிளை மடக்கக்கூடாது. என்விடியா பரிந்துரைக்கும் அளவு ஆர்டிஎக்ஸ் 4060க்கு 550 வாட்ஸ், 4070க்கு 650 வாட்ஸ்.

பிறகு ரேம். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து ஒரு நாள் ஆடுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் சரியில்லை.

கடைசியாக, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்குச் சரியான உதாரணம். அன்ரியல் எஞ்சினில் ஓடும் கேம் தொடங்கும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று சொல்லி விழுகிறது. கார்டிலோ 12, 16 ஜிபி மெமரி காலியாகக் கிடக்கிறது. உங்கள் ப்ராசசர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகை என்றால் கார்டையும் டிரைவரையும் விட்டுவிடுங்கள். ஷேடர்களைப் பிரித்தெடுக்கும் கணக்கை ப்ராசசர்தான் செய்கிறது. அது தவறாகக் கணக்கிட்டால், வெளியே வரும் செய்தி வீடியோ மெமரி மேல் பழிபோடுகிறது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணம் என்று இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களைத் தந்தது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (ப்ராசசருக்கான உள்நிரல்) அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸைப் போடுங்கள், யுபிஎஸ் இணைப்பில் வைத்துப் போடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டு எழாமல் போகலாம். ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. சோதிக்க, இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கோரின் வேகப் பெருக்கியை 55 என்றால் 53ஆகக் குறையுங்கள். அப்போது கேம் ஓடினால் சிப்தான். பெட்டியோடு வாங்கிய இந்த ப்ராசசர்களுக்கு வாரண்டி இரண்டு ஆண்டு நீட்டப்பட்டு ஐந்தாகியிருக்கிறது. அசெம்பிள் செய்த நிறுவனத்திடமிருந்து முழுக் கம்ப்யூட்டராக வாங்கியிருந்தால் அவர்களிடமே கேட்க வேண்டும்.

9. கார்டுதான் என்று தெரிந்தால்: வாரண்டிக்குக் கொண்டுபோகும்போது

முடிந்தால் கார்டை நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் ஐயமில்லை.

எடுத்துப்போக வேண்டியவை: ஜிஎஸ்டி பில், கார்டின் பின்புறம் உள்ள சீரியல் எண்ணின் படம், பெட்டியில் உள்ள எண், கோளாறு நடக்கும்போது போனில் எடுத்த வீடியோ. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில்லை இன்றே பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். ஈவென்ட் வியூவரில் 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ்' கொடுத்து அந்தக் கோப்பையும் பென்டிரைவில் எடுங்கள். ஒப்படைக்கும் முன் கார்டை நாலா பக்கமும் படமெடுங்கள், குறிப்பாகத் தங்க நிறப் பற்கள், போர்ட்டுகள், விசிறிகள். உடைந்திருந்தது என்று பிறகு ஒரு பேச்சு வரக்கூடாது. நிலைமின் காக்கும் பையில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வெறும் குமிழ் உறையில் அல்ல.

சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து 'நோ ஃபால்ட்' என்று திருப்பித் தருவது வழக்கம். அதைத் தடுக்க ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே ப்ராப்ளம்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன கேம், டைரக்ட்எக்ஸ் 12, தொடங்கி 35 முதல் 45 நிமிடத்தில் திரை கறுக்கிறது. ஜிபியூ வெப்பம் 78 டிகிரி. ஈவென்ட் 4101 பதிவாகிறது. இரண்டு டிரைவர் பதிப்புகள் டிடியூ செய்து போட்டும் அதே நிலை. வேறு கணினியிலும் விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சோதிக்கவும்." உங்கள் எண்களைப் போட்டு எழுதி, அதன் பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு கார்டைக் கொடுங்கள்.